ஓய்வெடுத்தும் வென்ற அணி: ரொறன்ரோ ராப்டர்ஸ் 2018–19 பற்றி வாசகர் கேள்வி – பதில்

தொழில்முறைக் கூடைப்பந்து அணியொன்றின் ஒரு முழுப் பருவகாலத்தை எடுத்து விளக்குமாறு மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வாசகர் பலர் எழுதியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் கேட்டது ரொறன்ரோ ராப்டர்ஸ் அணியைப் பற்றியே. கனடாவிலுள்ள மாமாவோ சித்தியோ அனுப்பிய அவ்வணியின் ஜேர்சியை அணிந்துகொண்டு பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை இன்று எமது மைதானங்களில் சாதாரணமாகக் காணலாம். ஆகவே அவ்வணி கிண்ணத்தை வென்ற 2018–19 பருவகாலம் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இவ்விதழில் இடமளித்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் பாடசாலைச் சுற்றுப்போட்டிகள் வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமை முடிந்துவிடுகின்றன. என்.பி.ஏ. அணிகளோ மாதக்கணக்கில் ஆடிக்கொண்டே இருக்கின்றன. அத்தனை ஆட்டங்கள் எதற்காக? இறுதியில் கிண்ணம் யாருக்கு என்பதை எவ்வாறு தீர்மானிக்கிறார்கள்?
– வாசகர் ஒருவர், கல்லடி

பதில்: வட அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.யில் 30 அணிகள் உள்ளன. அவற்றுள் 29 அமெரிக்காவைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்றுதான் ரொறன்ரோ. கிழக்கில் 15, மேற்கில் 15 எனப் பிரிக்கப்பட்ட இவ்வணிகள் ஒவ்வொன்றும் ஒக்டோபர் மாதத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை 82 ஆட்டங்களை ஆடுகின்றன. அவற்றில் 41 சொந்த அரங்கிலும் 41 வெளியரங்குகளிலும் நடைபெறும். அந்த ஆண்டில் நடைமுறையிலிருந்த விதிப்படி, ஒவ்வொரு பிரிவிலும் முதல் எட்டு இடங்களைப் பெற்ற அணிகள் நேரடியாக அடுத்த கட்டத்துக்குச் சென்றன. அக்கட்டத்தில் ஒரே எதிரணியுடன் ஏழு ஆட்டங்கள் வரை ஆட வேண்டும். முதலில் நான்கை வெல்லும் அணி முன்னேறும். இவ்வாறு நான்கு சுற்றுகள் இருப்பதால், கிண்ணத்தைத் தூக்குவதற்கு 16 வெற்றிகள் தேவைப்படும்.

ராப்டர்ஸ் அணி 82 ஆட்டங்களில் 58ஐ வென்று, 60 வெற்றிகள் பெற்ற மில்வோக்கி பக்ஸ் அணிக்கு அடுத்ததாகக் கிழக்கில் இரண்டாம் இடத்தைப் பெற்றது. அதன் பின்னர் ஓர்லாண்டோ, பிலடெல்பியா, மில்வோக்கி, கோல்டன் ஸ்டேட் ஆகிய நான்கு அணிகளுடன் மேலும் 24 ஆட்டங்களை ஆடியது. அந்த 24இன் முதல் ஆட்டத்திலேயே, சொந்த அரங்கில், தரவரிசையில் தன்னைவிட மிகவும் பின்தங்கியிருந்த ஓர்லாண்டோவிடம் 104–101 எனத் தோற்றது. எமது சுற்றுப்போட்டிகளைப் போலத் தோற்றவர் வெளியேறும் முறை அங்கும் இருந்திருந்தால், அவ்வணியின் கதை ஏப்ரல் 13ஆம் திகதியே முடிந்திருக்கும். நீண்ட பருவகாலம் ஒரு நாளின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்கிறது. ஆனால் மாதக்கணக்கில் தொடரும் குறைபாட்டை மறைக்க இடமளிப்பதில்லை. எமது பாடசாலைகளுக்கும் வலய மட்டத்திலாவது லீக் முறையில் சில கிழமைகள் நீடிக்கும் போட்டிகள் வேண்டும் என்று நெடுங்காலமாகக் கூறிவருகிறேன். இங்கும் அதனை வலியுறுத்துகிறேன்.

கேள்வி: ஸ்காபரோவில் வாழும் என் மச்சாள் இன்றும் டிமார் டிரோசனின் பெயர் பொறித்த ஜேர்சியையே அணிகிறார். ஒன்பது ஆண்டுகள் உழைத்த ஒருவரை ஒரே நாளில் அனுப்பிவிட்டுப் பெற்ற கிண்ணம் தமக்கு முழு மகிழ்ச்சியைத் தரவில்லை என்று சொல்கிறார். அணி நிருவாகம் எடுத்த முடிவு நியாயமானதா, ஐயா?
– உயர்தர மாணவி, ஆரையம்பதி

பதில்: உங்கள் மச்சாளின் மனக்குறையை நான் மதிக்கிறேன் மகள். முடிவு சரியானது, அதைச் செய்த விதம் சரியானதல்ல என்பதே எனது கருத்து. ஏன் என்று விளக்குகிறேன்.

முந்திய பருவகாலமான 2017–18இல் ராப்டர்ஸ் அணி 59 ஆட்டங்களை வென்று கிழக்கில் முதலிடம் பெற்றிருந்தது. அத்தனை வெற்றிகளை அவ்வணி அதற்கு முன்னர் ஒருபோதும் பெற்றதில்லை. எனினும் இரண்டாம் சுற்றில் லெப்ரோன் ஜேம்ஸின் கிளீவ்லாந்து அணியிடம் ஓர் ஆட்டத்தையேனும் வெல்லாமல் 4–0 எனத் தோற்றது. 2016இலும் 2017இலும் அவ்வணியை வெளியேற்றியதும் இதே கிளீவ்லாந்துதான். மூன்று ஆண்டுகள் ஒரே சுவரில் மோதிய பின்னர், இதே அணியை இன்னும் கொஞ்சம் மெருகூட்டினால் போதும் என்று அணி நிருவாகத்தின் அப்போதைய தலைவர் மசாய் உஜிரி நினைக்கவில்லை. முதலில் பயிற்றுவிப்பாளர் டுவேன் கேசியை விலக்கினார். விலக்கப்பட்ட அடுத்த மாதமே, அந்த ஆண்டின் சிறந்த பயிற்றுவிப்பாளருக்கான விருதைக் கேசி பெற்றார் என்பதிலிருந்து அது எவ்வளவு கடினமான முடிவு என்பது விளங்கும். உதவிப் பயிற்றுவிப்பாளராக இருந்த நிக் நர்ஸ் அவ்விடத்துக்கு உயர்த்தப்பட்டார். என்.பி.ஏ.யில் அதற்கு முன் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்திராத அவர், பிரித்தானிய லீக்கிலும் என்.பி.ஏ.யின் இரண்டாந்தர லீக்கிலும் சிறிய ஊர்களில் பல ஆண்டுகள் உழைத்து, இரண்டிலும் கிண்ணங்களை வென்றவர்.

பின்னர் 2018 ஜூலை 18ஆம் திகதி டிரோசன், யாக்கப் பேல்ட்ல் ஆகியோரும், எதிர்காலத்தில் புதிய வீரர் ஒருவரைத் தெரிவுசெய்யும் முதற்சுற்று உரிமை ஒன்றும் சான் அன்ரோனியோ அணிக்குக் கொடுக்கப்பட்டு, கவாய் லெனர்டும் டானி கிரீனும் பெறப்பட்டனர். லெனர்ட் 2014ஆம் ஆண்டு இறுதித் தொடரின் சிறந்த வீரர். ஆனால் முன்தொடைத் தசையிலிருந்த காயத்தினால் முந்திய பருவகாலத்தில் 9 ஆட்டங்களில் மட்டுமே பங்குபற்றியிருந்தார். அத்துடன் அவருடைய ஒப்பந்தம் ஓராண்டில் அவரது விருப்பப்படி முடிவடையக் கூடியதாகவும் இருந்தது. அதாவது, காயம் ஆறுமா என்பது தெரியாத, அடுத்த ஆண்டு தங்குவாரா என்பதும் தெரியாத ஒருவருக்காக, அந்நகரத்தைத் தன் வீடாகவே கருதிய ஒருவர் அனுப்பப்பட்டார். டிரோசனோ தம்மை மாற்ற மாட்டார்கள் என்று நம்பியிருந்தார். உரையாடலில் ஏற்பட்ட தவறான புரிதலுக்காக உஜிரி பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். அந்த மன்னிப்புக்கு இடம் வைக்காமலே நடந்திருக்க வேண்டும்.

ஆயினும் கூடைப்பந்தின் கணக்கில் பார்த்தால் முடிவு சரியே. டிரோசன் புள்ளிகளைக் குவிக்கும் வீரர். லெனர்ட் அதையும் செய்து, எதிரணியின் மிகச் சிறந்த வீரரைத் தடுத்தும் ஆடக் கூடியவர். பெப்ரவரியில் இதே போன்ற இன்னொரு மாற்றமும் நடந்தது. 2012 முதல் அணியில் இருந்த யோனாஸ் வலஞ்சியூனஸ் மேலும் இருவருடன் மெம்பிஸ் அணிக்கு அனுப்பப்பட்டு, ஸ்பெயின் நாட்டின் மார்க் கசோல் பெறப்பட்டார். ஓர்லாண்டோவின் வூசெவிச்சையும் பிலடெல்பியாவின் ஜோயல் எம்பீட்டையும் கூடைக்கு அருகில் நிம்மதியாக ஆடவிடாமல் செய்தவர் கசோல்தான். இவை எல்லாவற்றையும் விட என்னைத் தொட்டது சக வீரர் கைல் லவ்ரியின் நடத்தை. டிரோசன் அவருக்கு உயிர்த்தோழர். நண்பனை இழந்த வருத்தத்தை அவர் மறைக்கவில்லை. அதே வேளையில் அந்த வருத்தத்தை மைதானத்துக்குள் கொண்டுவரவும் இல்லை.

கேள்வி: அந்தப் பருவகாலத்தில் கனடா சென்றிருந்தபோது பெருந்தொகை கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கி ராப்டர்ஸ் ஆட்டத்துக்குப் போனேன். அன்று லெனர்ட் ஆடவில்லை. காரணம் கேட்டால் 'ஓய்வு' என்றார்கள். எங்கள் பிள்ளைகள் காய்ச்சலோடும் வந்து பாடசாலைக்காக ஆடுகிறார்கள். கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குபவர் நலமாக இருந்துகொண்டே அமர்ந்திருப்பது பார்வையாளரை ஏமாற்றுவதாகாதா?
– தந்தை ஒருவர், களுவாஞ்சிகுடி

பதில்: பணம் கொடுத்தவரின் ஏமாற்றம் நியாயமானது. அதனை லீக் நிருவாகமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. 2023–24 பருவகாலத்திலிருந்து முன்னணி வீரர்களுக்கு ஓய்வளிப்பதில் அணிகளுக்குக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. முக்கிய விருதுகளுக்குத் தகுதிபெற ஒருவர் குறைந்தது 65 ஆட்டங்களில் பங்குபற்ற வேண்டும் என்ற விதியும் வந்தது. ஆயினும் ராப்டர்ஸ் செய்தது ஏமாற்று அன்று. அந்தப் பருவகாலத்தின் உயிர்நாடியே அந்த ஓய்வில்தான் இருந்தது என்பேன்.

அணியின் விளையாட்டு விஞ்ஞானப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் அலெக்ஸ் மக்கெக்னி. காயத்திலிருந்து மீண்டுவந்த ஒரு தொடையை ஆறு மாதங்களுக்குப் பின்னர் வரும் சுற்றுகளுக்கு எவ்வாறு பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பதே அவருக்கிருந்த பணி. அடுத்தடுத்த இரவுகளில் இரண்டு ஆட்டங்கள் நடந்தால் லெனர்ட் அவற்றுள் ஒன்றிலாவது ஓய்வெடுப்பார் என்பது அங்கு கடைப்பிடிக்கப்பட்ட ஒழுங்கு. 82 ஆட்டங்களில் அவர் ஆடியவை 60, ஆடாதவை 22. அவர் இல்லாத அந்த 22 ஆட்டங்களில் அணி 17ஐ வென்றது என்பதை நீங்கள் மனதிற்கொள்ள வேண்டும். ஏனெனில் ஓய்வினால் பயன் பெற்றவர் லெனர்ட் மட்டுமல்லர். அவர் அமர்ந்திருந்த இரவுகளிலெல்லாம் பஸ்கால் சியாகமும் ஃபிரெட் வான்வ்லீட்டும் நோர்மன் பவலும் தாமே ஆட்டத்தை முடித்துவைக்கப் பழகினர். சியாகம் அந்த ஆண்டில் மிகுந்த முன்னேற்றம் கண்ட வீரருக்கான விருதைப் பெற்றது தற்செயலான காரியம் அல்ல.

சேமித்த பணம் செலவான நாளும் வந்தது. மில்வோக்கிக்கு எதிரான தொடரில் முதலிரண்டு ஆட்டங்களையும் தோற்ற நிலையில், மூன்றாவது ஆட்டம் இரண்டு மேலதிக நேரங்களுக்கு நீண்டது. அன்று லெனர்ட் 52 நிமிடங்கள் ஆடி 36 புள்ளிகளைப் பெற்றதுடன், எதிரணியின் ஜயன்ட் எனத்தக்க யானிஸ் அன்ரரொகும்போவைத் தடுக்கும் பொறுப்பையும் தாமே ஏற்றுக்கொண்டார். ராப்டர்ஸ் 118–112 என வென்றது. ஜனவரி மாதத்து இரவொன்றில் உங்களுக்குக் கிடைக்காமல்போன நிமிடங்கள் மே மாதத்து அந்த இரவில் செலவிடப்பட்டன.

காய்ச்சலோடு ஆடும் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனைத் தயவுசெய்து பெருமையாகச் சொல்லாதீர்கள். காய்ச்சலுடன் கடுமையாக ஓடுவது இதயத் தசையையே பாதிக்கக் கூடும். டெங்கு பரவும் எமது மாவட்டத்தில் எந்தக் காய்ச்சலையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. இன்னொன்றும் உண்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் வேகமாக உயரும் பிள்ளைகளுக்கு முழங்காற்சில்லுக்குச் சற்றுக் கீழே, எலும்பு மேடாக இருக்கும் இடத்தில், தொட்டாலே வலிக்கும் ஒரு நோவு வருவதுண்டு. வளரும் எலும்பைத் தொடைத் தசை ஓயாது இழுப்பதால் வருவது அது. சீமெந்துத் தரையில் காலையில் மெய்வல்லுநர் பயிற்சி, மாலையில் கூடைப்பந்து, சனி ஞாயிறு கழக ஆட்டம் என்று ஓடும் பிள்ளைக்கு அது கூடுகிறது. எண்ணெய் தடவி, கட்டுப்போட்டு மறுநாளும் இறக்கிவிடுகிறோம். கிழமையில் இரண்டு நாட்களாவது அப்பிள்ளை துள்ளிப் பாயாமல் இருக்க வேண்டும். அதைப் பயிற்றுவிப்பாளர் சொல்லவில்லையென்றால் பெற்றோராகிய நீங்கள் சொல்லுங்கள்.

கேள்வி: இறுதித் தொடரின் இரண்டாவது ஆட்டத்தில் கோல்டன் ஸ்டேட் அணியின் ஸ்டீபன் கறிக்கு எதிராக ராப்டர்ஸ் கையாண்ட 'பொக்ஸ் அண்ட் வன்' தடுப்பு முறையை எளிதாக விளக்க முடியுமா? அதனை எனது பாடசாலை அணிக்குக் கற்பிக்கலாமா?
– உடற்கல்வி ஆசிரியர், கல்முனை

பதில்: ஒரு சோக்குக் கட்டியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள், ஆசிரியரே. கூடைக்கு முன்னாலுள்ள நீள்சதுரத்தில் நான்கு வட்டங்கள் இடுங்கள்: ப்ரீ த்ரோ (எவரும் தடுக்காமல் எறியும் தண்ட எறிதல்) கோட்டின் இரு முனைகளிலும் இரண்டு, கூடைக்கு இருபுறமும் இரண்டு. நான்கு பிள்ளைகளை அவ்வட்டங்களில் நிறுத்துங்கள். அவர்கள் ஆளைக் காப்பதில்லை, இடத்தைக் காப்பவர்கள்; பந்து போகும் பக்கத்துக்கு நால்வரும் கயிற்றால் கட்டியது போல ஒன்றாக நகர வேண்டும். ஐந்தாவது பிள்ளைக்கு இடமே கிடையாது. எதிரணியின் மிகச் சிறந்த எறிவீரர் எங்கு போனாலும், அவர் கையில் பந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும், முகத்துக்கு முகம் பார்த்தபடி பின்தொடர்வது மட்டுமே அப்பிள்ளையின் வேலை. ரொறன்ரோவில் அந்த ஐந்தாமவர் வான்வ்லீட்.

அந்த ஆட்டத்தில் இடைவேளையின்போது ராப்டர்ஸ் 59–54 என முன்னிலையில் இருந்தது. மூன்றாம் கால்பகுதி தொடங்கியதும் கோல்டன் ஸ்டேட் தொடர்ச்சியாக 18 புள்ளிகளைப் பெற, ராப்டர்ஸ் ஒன்றையும் பெறவில்லை. பின்னர் நான்காம் கால்பகுதியில் எதிரணியின் கிளே தொம்சன் தொடைக் காயத்துடன் வெளியேறினார். அவ்வணியின் கெவின் டுரான்ட் ஏற்கனவே காயத்தினால் தொடரில் இறங்கியிருக்கவில்லை. தூரத்திலிருந்து எறியக் கூடியவர்களுள் கறி மட்டுமே எஞ்சியிருக்கிறார் என்பதைக் கண்ட நர்ஸ், பாடசாலைப் போட்டிகளில் மட்டும் காணப்படும் என்று பலர் கருதிய இம்முறையை உலகின் மிக உயர்ந்த மேடையில் கையிலெடுத்தார். ஐந்து நிமிடங்களுக்கு மேலாகக் கோல்டன் ஸ்டேட் ஒரு புள்ளியும் பெறவில்லை. எனினும் ராப்டர்ஸ் அன்று 109–104 எனத் தோற்றது. கடைசி நொடிகளில் எல்லோரும் கறியையே பார்த்துக்கொண்டிருக்க, தனியே விடப்பட்ட அன்ரே இகுடாலா எறிந்த மூன்று புள்ளிப் பந்து ஆட்டத்தை முடித்துவிட்டது.

உங்கள் கேள்விக்கு விடையும் அந்த எறிதலிலேயே இருக்கிறது. எதிரணியில் நன்றாக எறிபவர் ஒருவர்தான் என்றால் இம்முறை பலன் தரும். இருவர் இருந்தாலே ஓட்டை விழும். பந்தை ப்ரீ த்ரோ கோட்டின் நடுவுக்கு ஒருமுறை கொடுத்து அங்கிருந்து மூலைக்கு எறிந்தால் நால்வரின் சதுரம் குலைந்துவிடும். ஆளுக்கு ஆள் தடுப்பைப் பிள்ளைகள் நன்றாகக் கற்ற பின்னர், ஆட்டத்தில் நான்கைந்து நிமிடங்களுக்குப் பயன்படுத்தும் ஆயுதமாக இதைக் கற்பியுங்கள். அடிப்படை இல்லாத அணிக்கு இதைக் கொடுத்தால், தடுக்கத் தெரியாதவர்கள் ஒளிந்துகொள்ளும் மறைவிடமாகிவிடும்.

கேள்வி: நான்கு முறை வளையத்தில் துள்ளிய பந்து உள்ளே விழாதிருந்தால் ராப்டர்ஸ் அரையிறுதிக்கே வந்திராது. இறுதித் தொடரிலும் எதிரணியின் முன்னணி வீரர்கள் காயமடைந்தனர். இது அதிர்ஷ்டத்தால் கிடைத்த கிண்ணம் என்று என் நண்பன் சொல்கிறான்.
– இளைஞர், செங்கலடி

பதில்: உங்கள் நண்பர் சொல்லும் இரண்டும் நடந்தவைதான். 2019 மே 12ஆம் திகதி பிலடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டம். 90–90 எனச் சமநிலை, எஞ்சியிருந்தது 4.2 நொடி. லெனர்ட் பந்துடன் வலது மூலைக்கு ஓடி, ஏழடி உயரமான எம்பீட் நீட்டிய கைக்கு மேலாக எறிந்தார். பந்து வளையத்தில் நான்கு முறை துள்ளியது. பின்னர் உள்ளே விழுந்தது. ஏழாவது ஆட்டமொன்று நேரம் முடியும் கணத்தில் எறிந்த பந்தால் முடிவானது என்.பி.ஏ. வரலாற்றில் அதுவே முதற்தடவை. அன்று லெனர்ட் 41 புள்ளிகள் பெற்றார். ஆனால் 39 முறை எறிந்து 23 முறை தவறவிட்டிருந்தார் என்பதை யாரும் சொல்வதில்லை. சில நொடிகளுக்கு முன்னர் ஒரு ப்ரீ த்ரோவையும் தவறவிட்டிருந்தார். அத்தனை தவறுகளுக்குப் பின்னரும் பந்தைத் தானே கேட்டு வாங்கிய மனத்துணிவை அதிர்ஷ்டக் கணக்கில் சேர்க்க என்னால் முடியாது.

இறுதித் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் மீண்டு வந்த டுரான்ட்டின் வலது குதிக்கால் நாண் அறுந்தது. ஆறாவதில் தொம்சனின் இடது முழங்காற் தசைநார் கிழிந்தது. இருவரும் முழுநலத்துடன் இருந்திருந்தால் தொடர் வேறு விதமாக முடிந்திருக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோல்டன் ஸ்டேட் அதற்கு முன்னைய நான்கு ஆண்டுகளும் தொடர்ந்து இறுதித் தொடர் வரை ஆடிக் களைத்த அணி. களைத்த உடல்களைக் காயம் தேடிவருகிறது. ராப்டர்ஸும் முழு அணியாக இருக்கவில்லை. முக்கிய தடுப்பு வீரர் ஓ.ஜி. அனுனோபி ஏப்ரலில் குடல்வால் சத்திரசிகிச்சைக்கு உட்பட்டதால் அந்த 24 ஆட்டங்களில் ஒன்றிலும் ஆடவில்லை. அவர் இல்லாமலும் வெல்லுமளவுக்கு ஆட்களைத் தயார்செய்து வைத்திருந்தார்கள்.

கேள்வி: நான் உயரம் குறைந்தவன். எறிவது நன்றாக இருந்தாலும் மாவட்டத் தெரிவில் என்னை எடுக்கவில்லை. கூடைப்பந்தை விட்டுவிடலாமா?
– மாணவன், காரைதீவு

பதில்: விடாதே, தம்பி. வான்வ்லீட்டின் உயரம் ஏறத்தாழ 6 அடி. அந்த லீக்கில் அது குட்டையான உயரம். அணிகள் புதிய வீரர்களை எடுக்கும் 2016ஆம் ஆண்டுத் தெரிவில் 60 பேரின் பெயர்கள் வாசிக்கப்பட்டன; அவருடைய பெயர் அவற்றில் இல்லை. ராப்டர்ஸ் அணி அவரைத் தனது இளநிலை அணியான ராப்டர்ஸ் 905இல் ஆடவைத்து வளர்த்தது. அந்த எண் ரொறன்ரோவைச் சூழ்ந்த நகரங்களின் தொலைபேசிக் குறியீடு. அதே ஆண்டில் 27ஆம் ஆளாகத் தெரிவான கமரூன் நாட்டுச் சியாகமும் அங்கேதான் பழகினார். 2017இல் 905 அணி தன் லீக்கின் கிண்ணத்தை வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த வீரர் அவரே. இரண்டு ஆண்டுகளின் பின் 2019 ஜூன் 13ஆம் திகதி ஒக்லாந்தில் நடந்த ஆறாவது ஆட்டத்தை ராப்டர்ஸ் 114–110 என வென்று கிண்ணத்தைப் பெற்றபோது சியாகமும் லவ்ரியும் தலா 26 புள்ளிகளும், வான்வ்லீட் 22 புள்ளிகளும் பெற்றிருந்தனர். வான்வ்லீட்டின் 22இல் 12 கடைசிக் கால்பகுதியில் வந்தவை. உன் எறிதலை எந்தத் தெரிவுக்குழுவும் உன்னிடமிருந்து எடுத்துவிட முடியாது. இடது கையால் பந்தைத் தட்டிச் செல்வதையும், உன்னைவிட உயரமானவரின் முன் நின்று தடுப்பதையும் அடுத்த தெரிவுக்கு முன் பழகிக்கொள்.

கேள்வி: மட்டக்களப்புக்குக் கூடைப்பந்தைக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்கக் குருமார் என்று எங்கள் தந்தையார் சொல்வார். அப்படியானால் நாம் ஏன் கனடா அணியைக் கொண்டாட வேண்டும்?
– புனித மிக்கேல் கல்லூரியின் பழைய மாணவர், மட்டக்களப்பு நகர்

பதில்: தந்தையார் சொன்னது உண்மை. லூசியானா மாநிலத்திலிருந்து இங்கு பணியாற்ற வந்த இயேசு சபைக் குருமாரே இந்த ஆட்டத்தை எமது நகரில் வேரூன்றச் செய்தனர். அவர்களுள் ஒருவரான ஹரல்ட் வெபர் அடிகளாரின் பெயரை எமது நகர மைதானம் தாங்கி நிற்கிறது. கிழக்கில் பல தலைமுறை வீரர்களைப் பயிற்றுவித்த யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞருடன் காணாமலாக்கப்பட்டார். அவர்களுக்கு நேர்ந்தது என்னவென்று இன்றுவரை எவரும் பொறுப்புடன் கூறவில்லை. அக்கேள்வியை நாம் கைவிடவும் கூடாது.

கனடாவைப் பொறுத்தவரை, அந்நாட்டுக்கும் இந்த ஆட்டத்தில் பழைய உரிமை உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் இதை உருவாக்கிய ஜேம்ஸ் நைஸ்மித் ஒன்ராறியோவில் பிறந்தவர். என்.பி.ஏ. தனது முதலாவது ஆட்டமாகக் கணக்கிடும் ஆட்டமும் 1946 நவம்பர் 1ஆம் திகதி ரொறன்ரோவிலேயே நடந்தது. அன்று ஆடிய ரொறன்ரோ அணி ஒரே பருவகாலத்தில் மறைந்துபோக, 1995இல்தான் ராப்டர்ஸ் பிறந்தது. அமெரிக்காவுக்கு வெளியேயுள்ள ஓர் அணி கிண்ணத்தை வென்றது 2019இல்தான் முதற்தடவை. எமது பிள்ளைகளுக்கு ஆட்டம் லூசியானாவிலிருந்து வந்தது, ஜேர்சி ரொறன்ரோவிலிருந்து வருகிறது, இரண்டையும் கொண்டாடலாம்.

கேள்வி: கிண்ணத்தை வென்ற அணி ஏன் உடனே கலைந்தது?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: உடனே கலையவில்லை. 2019 ஜூலையில் லெனர்ட் தமது சொந்த மாநிலமான கலிபோர்னியாவிலுள்ள கிளிப்பர்ஸ் அணிக்கும், டானி கிரீன் லேக்கர்ஸ் அணிக்கும் சென்றனர். எஞ்சியவர்கள் அடுத்த பருவகாலத்தில் 53 ஆட்டங்களை வென்று 19ஐ மட்டும் தோற்றனர். வெற்றி விகிதத்தில் அது கிண்ணம் வென்ற ஆண்டைவிட உயர்ந்தது. பெருந்தொற்று வந்து, 2020–21இல் எல்லைக் கட்டுப்பாடுகளால் சொந்த ஆட்டங்களை ஃபுளோரிடாவின் ரம்பா நகரில் ஆட நேர்ந்த பின்னரே அணி தளர்ந்தது. லவ்ரி 2021இலும் வான்வ்லீட் 2023இலும் சியாகம் 2024 ஜனவரியிலும் பிரிந்தனர்.

கேள்வி: அந்த ஆண்டு முதற்சுற்றுகளை எங்களால் பார்க்க முடியவில்லை. இப்போது ஒரேயோர் ஆட்டத்தைப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவதென்றால் எதைத் தெரிவுசெய்வது?
– கழகச் செயலாளர், வாழைச்சேனை

பதில்: ஓர்லாண்டோவுக்கு எதிரான நான்காவது ஆட்டம் நடந்தது 2019 ஏப்ரல் 21ஆம் திகதி. சீயோன் தேவாலயக் குண்டுத் தாக்குதலில் எமது பிள்ளைகள் உயிரிழந்த அந்த உயிர்த்த ஞாயிறையும் அதன் பின்னர் வந்த கிழமைகளையும் நினைத்தால், இங்கு எவரும் கூடைப்பந்து பார்க்கும் நிலையில் இருக்கவில்லை என்பது விளங்கும்.

பிலடெல்பியாவுக்கு எதிரான கடைசி எறிதலை எல்லோரும் காட்டுவார்கள். நீங்கள் மில்வோக்கிக்கு எதிரான நான்காவது ஆட்டத்தைக் காட்டுங்கள். 52 நிமிடங்கள் ஆடிய இரவுக்கு அடுத்த ஆட்டம் அது. லெனர்ட் காலை இழுத்தபடி ஆடி 19 புள்ளிகள் மட்டுமே பெற்றார். ஆனால் ஆரம்ப ஐவரில் இல்லாத பவல் 18, இபாக்கா 17, வான்வ்லீட் 13 எனத் தமக்குள் 48 புள்ளிகள் சேர்த்தனர். ராப்டர்ஸ் 120–102 என வென்று தொடரைச் சமப்படுத்தியது. பந்து யார் கையில் இருக்கிறது என்பதைப் பார்க்காமல், வாங்கில் இருந்து எழுந்து உள்ளே வருபவர் முதல் ஒரு நிமிடத்தில் என்ன செய்கிறார் என்பதைப் பார்க்குமாறு பிள்ளைகளிடம் சொல்லுங்கள். குறிப்பாக இபாக்கா, எறிந்து தவறிய பந்துக்காக எத்தனை தடவை இரண்டாம் முறையும் துள்ளுகிறார் என்பதை ஒரு பிள்ளை தாளில் குறித்துக்கொள்ளட்டும்.